வயர் ரோப்பைத் தின்பது கடலா, கரையா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், அடிப்பக்கம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள், வலை கிழிசல் பார்ப்பார்கள். வின்ச் டிரம்மில் சுற்றியிருக்கும், வலையை இழுக்கும் எஃகு வடமான வயர் ரோப்பின் மேல் மட்டும் ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஜூன் 15 அன்று முதல் முறையாக ரோப்பை இறக்கும்போது கப்பியில் செம்பொடி பறக்கும். 'உப்புத் தண்ணி தின்னுடுச்சு' என்பார்கள்.

தின்றது உப்புதான். ஆனால் அதில் பெரும்பங்கைக் கடலில் தின்னவில்லை, கரையில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துத் தின்றிருக்கிறது. ரோப்பைக் காப்பாற்ற நினைக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இது தெரியாவிட்டால் கிரீஸுக்கும் உழைப்புக்கும் ஆகும் செலவு தவறான நாளில், தவறான இடத்தில் போய்ச் சேரும்.

இரும்பு துருப்பிடிக்க நீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். உப்பு அந்த நீரில் மின்சாரம் எளிதாக ஓட வழிவிட்டுத் துருவை வேகப்படுத்துகிறது. நம் கடலின் வெப்பநிலையில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம்தான். முழுக்க மூழ்கிய ரோப்புக்கு அதற்கு மேல் கிடைக்காது. அதே ரோப் ஈரத்தோடு டிரம்முக்கு வந்துவிட்டால், கம்பியின் மேல் நிற்பது மெல்லிய நீர்ப்படலம். அதற்கு மேலே வரம்பில்லாத காற்று, அதனால் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகத் தூண்களில் எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியைவிட அலை தெறிக்கும் பகுதி பல மடங்கு வேகமாக அரிப்பதும் இதே காரணத்தால்தான். டிரம்மில் கிடக்கும் ரோப் முழுக்கவே அலை தெறிக்கும் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

'வெயிலில் காய்ந்துவிடாதா?' என்று தோன்றும். காயாது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ இரவுக் காற்றின் ஈரம் அதற்கெல்லாம் வெகு மேலே. பகலில் மேல்சுற்று உலர்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்சுற்றுகள் நசநசத்தபடியே இருக்கும். உப்பைக் கழுவாமல் காயவைப்பது வீண்வேலை.

ரோப்பின் அமைப்பும் துருவுக்குச் சாதகமானது. இழுவைப் படகுகளில் பயன்படும் 10 மி.மீ. ரோப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 புரி (கம்பிகளை முறுக்கிய இழை), புரிக்கு 19 கம்பி, நடுவில் நார்ச்சரடு. மொத்தம் 114 கம்பிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.65 மி.மீ. தடிமன். கம்பிகளின் பரப்பையெல்லாம் கூட்டினால் மீட்டருக்கு 0.23 சதுர மீட்டர் வருகிறது. அதே 10 மி.மீ. அளவில் ஒற்றைக் கம்பியாக இருந்தால் 0.03தான். ஏழு மடங்குக்கு மேல் பரப்பைத் துருவுக்குத் திறந்து வைத்திருக்கிறோம். மூழ்கிக் கிடக்கும் இரும்பு ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. அரிபடும் என்பது பொதுக்கணக்கு. கப்பல் தகட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. 0.65 மி.மீ. கம்பியில் சுற்றிலும் 0.1 போனால் மிஞ்சுவது 0.45. குறுக்குப் பரப்பில் பாதிக்கு மேல் காலி. சதுர மி.மீ.க்கு 1770 நியூட்டன் தரக் கம்பியால் ஆன புது ரோப் சுமார் 5.5 டன் தாங்கும். பாதி கம்பி போன பிறகு எவ்வளவு தாங்கும் என்பதை, வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகை பாறையில் மாட்டும் நாளில் தெரிந்துகொள்ளக் கூடாது. இழுவிசையில் அறும் ரோப் சாட்டைபோலத் திரும்பி வரும். தளத்தில் நிற்பவருக்கு விலக நேரமிருக்காது.

இந்த 0.65 மி.மீ. கம்பிக்கு இருக்கும் ஒரே கவசம் ஜிங்க், அதாவது துத்தநாகப் பூச்சு. கடைகளில் ஜி.ஐ. ரோப் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். பூச்சு கம்பியை இரண்டு விதமாகக் காக்கிறது. நீர் படாமல் மூடுவது ஒன்று. எங்காவது கீறல் விழுந்து இரும்பு தெரிந்தால், பக்கத்தில் இருக்கும் ஜிங்க் தான் கரைந்து இரும்பைக் காப்பது மற்றொன்று. கடல்நீரில் ஜிங்கின் மின்னழுத்தம் சுமார் மைனஸ் 1.03 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.6 முதல் 0.7 வரை. எதன் எண் கீழே இருக்கிறதோ அதுதான் முதலில் கரையும்.

ஆனால் பூச்சு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். சதுர மீட்டருக்கு 100 கிராம் ஜிங்க் என்று வைத்துக்கொண்டால் தடிமன் 14 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. எனவே வாங்கும்போது 'ஜி.ஐ.யா?' என்று மட்டும் கேட்டால் போதாது, பூச்சின் எடை எத்தனை கிராம் என்று சோதனைச் சான்றிதழில் பார்க்க வேண்டும். கப்பல் பயன்பாட்டுக்கான ஜிங்க் பூச்சு ரோப்புகளுக்கென்றே ஐ.எஸ். 2581 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது. ஐ.எஸ். 2266 பொதுப் பொறியியல் வேலைக்கானது. அதில் பூச்சில்லாத கறுப்பு ரோப்பும் வரும். பூச்சு போட்ட பிறகு கம்பியை இழுத்து மெலிதாக்கினால் பளபளப்பு கூடும், ஜிங்க் குறையும். பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். சற்று மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருப்பது பெரும்பாலும் நல்ல பூச்சு.

வாங்கிய சுருளை நேரே சிமென்ட் தரையில் வைத்து பாலிதீன் சுற்றிவிட்டால், பயன்படுத்தும் முன்பே வெள்ளைப் பொடி பூத்துவிடும். அது ஜிங்க் கரைவதன் அடையாளம். அடியில் கட்டை வைத்து, காற்றோட்டம் விட்டு, மேலே மட்டும் மூட வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத இடம், ரோப் பலகையோடு சேரும் முனை. இரும்புச் சட்டமிட்ட மரப்பலகையானாலும் முழு இரும்புப் பலகையானாலும், மண்ணில் தேய்ந்து பூச்சு போன இரும்புப் பரப்பு அதில் ஏராளம். ஜிங்க் பூசிய ரோப் முனையை அதோடு சாக்கிள் (இணைப்பு வளையம்) போட்டு இணைத்தால், கடலுக்குள் இரண்டும் ஒரே மின்சுற்று. பலகையின் இரும்பைக் காக்க ரோப்பின் ஜிங்க் கரையும். பெரிய இரும்புப் பரப்புக்கு எதிரே கைப்பிடி அளவு ஜிங்க் என்றால் அது எத்தனை நாள் தாங்கும்? கடைசி இரண்டு மூன்று மீட்டர் மட்டும் முதலில் செந்நிறமாகும் மர்மத்தில் பாதி இது, மறுபாதி மணலின் உராய்வு.

தீர்வு சுலபம். படகின் அடியில் பொருத்துவதுபோலச் சிறு ஜிங்க் கட்டி ஒன்றைப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினால், ரோப்புக்குப் பதில் அந்தக் கட்டி கரையும். கட்டிக்கும் பலகைக்கும் இடையே பெயின்ட் இருக்கக் கூடாது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். கட்டியின் மேலும் பெயின்ட் அடிக்கக் கூடாது. தடைக்காலத்தில் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்துவிடும் வழக்கம் உண்டு. அடித்துவிட்டால் அந்தக் கட்டி அங்கே இருந்தும் பயனில்லை. அதே இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாக்கிள் போடுவதும் தவறு. சாக்கிள் மின்னும், அதை ஒட்டிய ரோப்பின் ஜிங்க் வேகமாகப் போகும். ஜி.ஐ. ரோப்புக்கு ஜி.ஐ. சாக்கிள், ரோப் முனையின் கண்ணுக்குள் பொருத்தும் ஜி.ஐ. திம்பிள்தான் பொருத்தம்.

அப்படியானால் ரோப்பையே ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்கிவிடலாமே என்று வசதியுள்ள உரிமையாளர்கள் யோசிப்பதுண்டு. இழுவைக்கு அது சரிவராது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமான மெல்லிய ஆக்சைடு படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கம்பிகளுக்கு இடையே உப்புநீர் தேங்கி நிற்கும் இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். படலம் உடைந்து, குளோரைடு ஊசி குத்தினாற்போல் குழி தோண்டும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும், உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கும். ஜி.ஐ. ரோப் பழுதை நிறத்தில் காட்டிக் கொடுக்கும், இது காட்டாது.

பாலிப்ரொப்பிலீன் சுற்றிய காம்பினேஷன் ரோப்பிலும் இதே சங்கடம். நாரின் அடியில் இருக்கும் கம்பி எப்போதும் ஈரம். முறுக்கைத் திறந்து பார்க்காமல் அதன் நிலை தெரியாது. ஒரு பருவத்துக்கு ஒருமுறையாவது இரண்டு மூன்று இடத்தில் திறந்து பார்ப்பது நல்லது.

இனி கிரீஸ். தடித்த கிரீஸை அள்ளிப் பூசுவதில் நம்மவர்களுக்கு ஒரு திருப்தி. ஈரமான, உப்புப் படிந்த ரோப்பின் மேல் அதைப் பூசினால் உப்பையும் நீரையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிறது. மேலே கறுப்பாக மினுமினுக்கும், உள்ளே நார்ச்சரடு உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கும். அந்தச் சரடு ஆலையிலிருந்து எண்ணெய் ஊறித்தான் வருகிறது. பாரம் ஏறும் ஒவ்வொரு முறையும் பிழியப்பட்டு எண்ணெய் வெளியே வரும், பாரம் இறங்கும்போது ஈரத் துணிபோல் கடல்நீரை உறிஞ்சும். சில மாதத்தில் எண்ணெய்ச் சரடு உப்புச் சரடாகிவிடும். எனவே நாம் போடும் எண்ணெய் முதலில் சரடு வரை இறங்க வேண்டும். வெளிப்பூச்சு அதற்குப் பிறகுதான்.

எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயில் இறங்கத்தான் செய்யும். ஆனால் அதில் எரிபொருள் எரிந்த அமிலம், தண்ணீர், உலோகத் துகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டு இழுவையில் கழுவிப்போய்க் கடலில் படலமாக மிதக்கும், வலையிலும் மீனிலும் ஒட்டும். காசில்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்குச் சிறப்பு எதுவும் இல்லை. வயர் ரோப்புக்கென்றே விற்கும், ஊடுருவும் வகை எண்ணெயை வாங்க வேண்டும். எவ்வளவு வேண்டும்? நாம் பார்த்த 10 மி.மீ. ரோப்பில் புரிகளுக்குள் இருக்கும் காலியிடம் மீட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லி. 200 மீட்டர் ரோப்புக்கு சுமார் இரண்டரை லிட்டர். வெளிப்பூச்சு, சிந்தல் எல்லாம் சேர்த்து 4 லிட்டர் இருந்தால் தாராளம்.

முழு ரோப்புக்கும் ஒரே பூச்சு போடுவதும் சரியல்ல. பலகையை ஒட்டிய 30, 40 மீட்டர் சேற்றிலும் மணலிலும் உரசும். அங்கே ஒட்டும் கிரீஸ் பூசினால் மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போலக் கம்பியையும் கப்பியையும் தேய்க்கும். அந்தப் பகுதிக்கு உலர்ந்ததும் ஒட்டாத மெழுகு வகை மட்டும் போதும். டிரம்மில் கடைசிச் சுற்றுகளாகக் கிடந்து வெளியே போகாமலே இருக்கும் பகுதிக்குத் தடித்த பூச்சு தரலாம். கவனமாகப் பார்க்க வேண்டிய பகுதியும் அதுதான். 30 மீட்டர் ஆழத்தில் ஐந்து மடங்கு ரோப் விட்டால் 150 மீட்டர் வெளியே போகும், மிச்சம் டிரம்மில் நிற்கும். மேலே வரும் ஈரச் சுற்றுகளிலிருந்து வடியும் உப்புநீர் முழுக்க அதன் தலையில்தான் இறங்குகிறது. கடலையே பார்க்காத அந்தப் பகுதி, கடலுக்குப் போய்வந்த பகுதியைவிட மோசமாக இருப்பதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

தடைக்கால வேலையைத் தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டும். ஜூன் மாதம் செய்தால் துரு தின்ற பிறகு பந்தி போட்டதுபோல் ஆகும். ரோப்பை டிரம்மிலிருந்து முழுவதும் இறக்கி, மணலில் படாமல் தார்ப்பாயிலோ பலகையிலோ முறுக்கு விழாமல் விரிக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கடலோர போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். பேனா மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. கடல்நீரின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம். கழுவப் பயன்படுத்தும் தண்ணீர் 500க்குள் இருப்பது நல்லது. போர்வெல் 3,000 காட்டினால் முதல் அலசலுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு லாரித் தண்ணீர் பிடிக்கலாம்.

குழாயைப் பிடித்து மேலே அடித்தால் வெளி உப்புதான் போகும். தொட்டியிலோ பெரிய டிரம்மிலோ சுருளை அமிழ்த்தி அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவிட வேண்டும். வடியும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்கு அருகே வந்துவிட்டால் போதும், வராவிட்டால் இன்னொரு தடவை. கார் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம். அது சரடில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் துரத்திவிட்டு, உப்பையும் சேற்றையும் உள்ளே தள்ளும். துரு போக்கும் ஆசிட் அறவே கூடாது. மிச்சமிருக்கும் ஜிங்கை அது நிமிடங்களில் கரைக்கும். அதோடு, இவ்வளவு உறுதியான கம்பிக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் கம்பி வளையாமல் பட்டென்று முறியும் தன்மைக்குப் போய்விடும்.

சேறு படிந்த இடத்தைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். இரும்புப் பிரஷ் ஏற்கெனவே செந்நிறமான இடத்துக்கு மட்டும், சாம்பல் நிறம் மிச்சமிருக்கும் இடத்தில் அது ஜிங்கையே சுரண்டும். ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்து, மதியம் ஒருமுறை புரட்டிவிட்டு, பனி இறங்கும் முன் எண்ணெய் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இரவு முழுக்க வெளியே விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணெய் உள்ளே இறங்கத் தோதான இடம் கப்பியின் வளைவு. அங்கே ரோப் வளையும்போது வெளிப்பக்கப் புரிகள் கொஞ்சம் விரியும். அந்த விரிசலில் ஊற்றியபடி வின்ச்சை மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். மிச்ச எண்ணெயைச் சாக்குத் துணியால் வழித்தெடுக்கலாம். ஆனால் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடும் ரோப்பைப் பிடிக்கக் கூடாது. அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி துணியில் மாட்டினால் கையையும் டிரம்முக்குள் இழுத்துவிடும். துணியைக் கப்பிச் சட்டத்தில் கட்டிவிட்டு ரோப் அதனூடே போகும்படி செய்வதே பாதுகாப்பு.

திரும்பச் சுற்றும்போது முனையை மாற்றிச் சுற்றுங்கள். இதுவரை பலகைப் பக்கம் இருந்தது டிரம்முக்கு உள்ளே, உள்ளே இருந்தது பலகைக்கு. அதற்கு முன் இரு முனையிலும் இரண்டு மூன்று மீட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் திம்பிள் போட வேண்டும். கிளிப் போட்டுக் கட்டுவதானால் குறைந்தது 3 கிளிப், இடைவெளி ரோப் தடிமனைப்போல் ஆறு மடங்கு, அதாவது 10 மி.மீ.க்கு 60 மி.மீ. கிளிப்பின் அகன்ற பிடி, பாரம் தாங்கும் ரோப்பின் மேல் உட்கார வேண்டும். யு போல்ட்டின் வளைவு வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியையே யு போல்ட் நசுக்கி, ஜிங்கைக் கிழித்துத் துருவுக்கு வாசல் திறந்துவிடும். முதல் இழுவைக்குப் பிறகு நட்டை மறுபடி முடுக்க வேண்டும். பாரத்தில் ரோப் மெலிவதால் கிளிப் தளர்ந்திருக்கும்.

டிரம்மை மூடும் தார்ப்பாய் கூடாரம்போல் இருக்கட்டும், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வியர்க்கும்.

தினசரி தொழிலில் இவ்வளவு செய்ய முடியாது, வேண்டியதும் இல்லை. நாள் தவறாமல் நனையும் ரோப்பைவிட, நனைந்துவிட்டு நாலு நாள் சும்மா கிடக்கும் ரோப்தான் கெடும். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று படகு நிற்கப் போவது தெரிந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, லேசாக எண்ணெய் விடுவது பாதி பாதுகாப்பு. ஐஸ் உருகிய தண்ணீர்தானே என்று மீன் அறையிலிருந்து இறைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் மீன் ரத்தமும் உப்பும் கலந்திருக்கும், கழுவியதாகாது.

கப்பியையும் ஒரு பார்வை பாருங்கள். அதன் விட்டம் ரோப்பின் தடிமனைப்போல் 20 மடங்கு, 10 மி.மீ. ரோப்புக்கு 200 மி.மீ. இருந்தால் நல்லது. பள்ளம் ரோப்பைவிட சிறிது அகலமாக இருக்க வேண்டும். பழைய மெலிந்த ரோப் தேய்த்து உண்டாக்கிய குறுகிய பள்ளத்தில் புது ரோப்பை ஓடவிட்டால், முதல் வாரத்திலேயே பக்கவாட்டு ஜிங்க் உரிந்துவிடும்.

எப்போது ரோப்பைக் கழிப்பது? தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்று போதும். புரியின் முகட்டிலிருந்து எதிர் முகட்டுக்கு அளக்க வேண்டும். பள்ளத்தில் வைத்து அளந்தால் குறைவாகக் காட்டும். ஒரே இடத்தில் செங்குத்தாக இரண்டு திசையிலும், ஒரு மீட்டர் தள்ளி மறுபடியும் அளந்து சராசரி எடுங்கள். நார்ச்சரடு ரோப்பில் 10 சதவீதம் குறைந்துவிட்டால், 10 மி.மீ. ரோப் 9 மி.மீ. ஆகிவிட்டால், அதன் காலம் முடிந்தது. அளவு குறையாமலேயே கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. உள்ளே துரு பொங்கி ரோப் வீங்கி நிற்கும், வெர்னியர் 'நன்றாக இருக்கிறது' என்று பொய் சொல்லும். அதனால் பாரமில்லாத நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கூர் ஆணியால் புரிகளை விலக்கி உள்ளே பாருங்கள். சரடு பொடியாக உதிர்ந்தாலோ, உள்கம்பிகளில் குழி விழுந்திருந்தாலோ, புரிகளின் இடுக்கில் செம்பொடி தொடர்ந்து கசிந்தாலோ வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம்.

கழித்த ரோப்பைத் துறைமுகத்தில் படகு கட்டவோ, எஞ்சின் தூக்கவோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. வலை இழுக்க லாயக்கில்லாத ரோப், ஆள் நிற்கும் இடத்துக்கு மேலே எஞ்சினைத் தொங்கவிட எப்படி லாயக்காகும்? பழைய இரும்புக் கடைக்குப் போடும்போதுகூட இரண்டு மூன்று மீட்டர் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். முழு நீளத்தில் போனால், பெயின்ட் அடித்து இன்னொரு படகில் ஏறிவிடும்.